திரும்பிப் பாக்காத, நான் பாத்துச் சொல்றேன்

இத எழுத வேணாம்னுதான் இருந்தேன். போன எடுப்பேன், ரெண்டு வரி தட்டுவேன், அழிச்சுட்டு வீடியோ பாக்கப் போயிடுவேன். எனக்கு எழுத வராதுங்கறது ஒரு காரணம். தமிழ்ப் பள்ளியில ஆறு வருசம், இடைநிலைப் பள்ளியில கொஞ்ச நாள் பெஞ்ச தேய்ச்சது, அதோட சரி. இன்னொரு காரணம், நான் எத சொன்னாலும் ஒருத்தனும் நம்ப மாட்டான். ஒரு தடவ கிள்ளான் பாலத்துல மொதல படுத்திருக்குன்னு குரூப்ல போட்டேன். பாதி பேரு மோட்டர எடுத்துக்கிட்டு வந்துட்டானுங்க. அன்னியிலேர்ந்து நான் ‘மழ பேய்து’ன்னு சொன்னாக்கூட ஜன்னல தொறந்து பாத்துட்டுத்தான் நம்புவானுங்க.

அப்படிப்பட்ட நான், ஒரு டால்பின் வந்துச்சு, பானையோட வெளையாடுச்சுன்னு சொன்னா யாரு நம்புவா? ஆனா நடந்துச்சு லா. நான் பாத்தேன். நான் மட்டுந்தான் ஒழுங்கா பாத்தேன். அதுதான் பிரச்சனையே.

என் கூட்டாளி ஒருத்தன் இருக்கான். பிரிக்பீல்ட்ஸ்ல ஒரு வாழையிலைக் கடையில தாப்பாவ் கட்டுறான். சாப்பாட்ட வீட்டுக்குக் கட்டிக் குடுக்கறதத்தான் நாங்க தாப்பாவ்னு சொல்லுவோம். நான் ஐஸ் லோரி ஓட்டுறேன். கடைக்கு ஐஸ் எறக்கும்போது அவன் கைய வேடிக்க பாப்பேன். பருப்புக் கறிய பிளாஸ்டிக்ல ஊத்துவான், வாயப் புடிச்சு ஒரு சுத்து, உள்ள காத்து மாட்டிக்கும், பை பந்து மாதிரி உப்பும், ரப்பர ‘டப்பு’ன்னு போடுவான். கண்ணால பாக்கவே மாட்டான். டீவி பாத்துக்கிட்டே கட்டுவான். காத்து வச்சுக் கட்டுனாத்தான் மோட்டர்ல போற பை நசுங்காம வீடு போய்ச் சேருமாம். அவன் கட்டுன பை ஒழுகி நான் பாத்ததில்ல. “நீ கட்டுறத அவுக்கறதுக்கு பொம்பா ஆளுங்களத்தான் கூப்புடணும்”னு தீயணைப்பு ஆளுங்கள சொல்லிக் கிண்டல் பண்ணுவேன்.

அவனுக்கு அம்மா மட்டுந்தான். அப்பா எப்பவோ கழண்டுக்கிட்டாரு. நான் ஆன்டின்னு கூப்புடுவேன். ஆன்டி என்ன எருமன்னு கூப்புடுவாங்க. “எரும, சாப்ட்டியா?” “எரும, தட்ட கழுவிட்டுப் போ.” என் சொந்தப் பேரு அவங்களுக்குத் தெரியுமான்னே எனக்கு சந்தேகம்.

முன்ன அவங்க கிள்ளான்ல, பள்ளமான ஒரு தாமான்ல, வரிசை வீட்டுக் குடியிருப்புல, வாடகைக்கு இருந்தாங்க. பெரிய வெள்ளம் வந்துச்சுல்ல, அப்ப தண்ணி வீட்டுக்குள்ள வந்து மார் வரைக்கும் ஏறிடுச்சு. ஆன்டி சாப்பாட்டு மேசைமேல நாற்காலிய போட்டு அதுமேல ஏறி ஒக்காந்துக்கிட்டாங்க. அவங்களுக்கு நீச்சல் கெடையாது. மீட்க வந்த போட்ல ஏறவும் மாட்டேன்னுட்டாங்க. தண்ணிமேல போற எதுலயும் கால வைக்க மாட்டேன்னு ஒரே அழுக. இவன்தான் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு எறங்குனான். தோள்ல கெடந்துக்கிட்டே “கீழ விட்டுடாதடா, கீழ விட்டுடாதடா”ன்னாங்களாம்.

அதுக்கப்புறம் சாலாக் செலாத்தான்ல ஒரு பழைய பிளாட்டுக்கு வந்துட்டாங்க. லிப்ட் இல்லாத பிளாட்டு, அதுலயும் உச்சி மாடி. முட்டி வலியோட ஏறுவாங்க. “ஏன் ஆன்டி, கீழ் வீடு காலியாத்தான இருக்கு?”ன்னு கேட்டா, “நீ போயி கீழ இரு, வெள்ளம் வந்தா மெதந்து மேல வா, நான் டீ போட்டு வைக்கிறேன்”ம்பாங்க. மழ பேஞ்சா வராந்தாவுல நின்னு கீழ காடி, அதான் காரு, நிறுத்துற எடத்த எட்டிப் பாத்துக்கிட்டே இருப்பாங்க. பக்கெட்ட முழுசா ரொப்ப மாட்டாங்க. நான் வேணும்னே பாத்ரூம்ல பைப்ப தொறந்துவிட்டு, “ஆன்டி, தண்ணி வருது!”ன்னு கத்துவேன். செருப்பு பறந்து வரும். குறி தப்பாது.

இந்த வருசம் செத்துப் போயிட்டாங்க. சக்கர நோய், அப்புறம் நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலேயே.

தகனம் முடிஞ்சு சாம்பல கடல்ல கரைக்கணும். இவன் ஒத்துக்கல. “அம்மாவுக்குத் தண்ணின்னா ஆகாதுடா”ன்னான். வேற எங்க கரைக்கறது, ரோட்லயா? சடங்கு செய்யற ஐயாகிட்டயே போயி கேட்டான். அவரு பல வருசமா இந்த வேல பாக்கறவரு. “சாம்பலுக்குப் பயம் கெடையாது தம்பி. ஆனா ஒழுங்கா கரைக்காட்டி ஆத்மா கரைக்கும் போகாது, கடலுக்கும் போகாது, நடுவுல நின்னுக்கும்”னாரு. அவ்வளவுதான். இவன் மூஞ்சி மாறிடுச்சு. நடுத்தண்ணியில அம்மா மாட்டிக்கக் கூடாது. ஒரு தடவ மாட்டுனது போதும். அன்னியிலேர்ந்து அவனுக்கு அது ஒன்னுதான் கவல.

காப்பார் பக்கம் படகுங்க கட்டுற ஒரு மீன்பிடி ஜெட்டிக்குப் போனோம். இவன் காடிய ஓட்டுனான், பானைய நான் மடியில வச்சுக்கிட்டேன். மண்பானை, செவப்புத் துணி கட்டுனது. குழி வந்தா எறும்பு மாதிரி ஊருறான். பின்னாடி லோரிக்காரன் ஹார்ன் அடிக்கிறான். “மச்சான், ஆன்டி உசுரோட இருக்கறப்ப இப்படி ஓட்டியிருந்தா உன்ன வாழ்நாள் பூரா திட்டியிருக்கவே மாட்டாங்க”ன்னேன். அவன் சிரிக்கல.

ஜெட்டி கொட்டகையில ஐயா பூச பண்ணாரு. பூவு, பாலு, எள்ளு எல்லாம் ஆச்சு. அப்புறம் வெவரம் சொன்னாரு. “படகு நின்னதும் துணிய அவுத்துடு. கரையப் பாத்து ஒக்காரு. பானைய தோளுக்கு மேல பின்னால விட்டுடு. விட்டப்புறம் திரும்பிப் பாக்கக் கூடாது. கரையில கால் வைக்கிற வரைக்கும் பாக்கக் கூடாது. பெத்த மகன் திரும்பிப் பாத்தா அந்தம்மாவுக்குப் போக மனசு வராது. புரியுதா?”

“நானும் பாக்கக் கூடாதாங்க ஐயா?”ன்னு கேட்டேன்.

என்ன மேலயும் கீழயும் பாத்தாரு. “நீ பாத்தா என்ன, பாக்காட்டி என்ன”ன்னாரு. அவரு போட்ல வரல. அடுத்த குடும்பம் வெளிய காத்துக்கிட்டு இருந்துச்சு.

படகு ஓட்டுறவரு ஒரு சீன அங்கிள். தோட்டத்துத் தமிழாளுங்களோடயே வளந்தவரு, தமிழ ஒடச்சு ஒடச்சு பேசுவாரு. “காத்து இருக்கு தம்பி, அல கொஞ்சம் பெருசு, கெட்டியா புடி”ன்னாரு. அத கேட்டதும் இவனுக்குப் பயம் வந்துடுச்சு. அல அடிச்சு பானை கவுந்து பாதி அம்மா படகுல, பாதி அம்மா கடல்லன்னு ஆயிட்டா? காடிக்கு ஓடுனான். கடையிலேர்ந்து எப்பவும் ஒரு கட்டு பிளாஸ்டிக் பை காடியில கெடக்கும். பெரிய பை ஒன்னு எடுத்தான். பானைய உள்ள வச்சான். வாயப் புடிச்சான். ஒரு சுத்து. டப்பு.

நான் பக்கத்துலதான் நின்னேன். தெனமும் பாக்கற கைதான, எனக்கு ஒன்னும் தோணல.

ஆத்து வாயத் தாண்டி கடலுக்குப் போனோம். காப்பி கலரு தண்ணி. ஒரு பக்கம் கரண்டு ஸ்டேசனோட புகைக்கூண்டு, செவப்பும் வெள்ளையுமா பட்ட போட்டது. தூரத்துல கப்பலுங்க வரிசையா நிக்குது. அங்கிள் இஞ்சின நிறுத்தி, படகோட மூக்க கரைப் பக்கம் திருப்புனாரு. நான் மூக்குப் பக்கம், கரைக்கு முதுகக் காட்டி ஒக்காந்திருந்தேன். எனக்கு எதிர்ல இவன், கரையப் பாத்த மாதிரி. இவனுக்குப் பின்னால அங்கிள், இஞ்சினுக்குப் பக்கத்துல. அவுங்களுக்கும் பின்னால கடலு. நான் கழுத்த திருப்ப வேண்டிய வேலையே இல்ல. எல்லாம் என் கண்ணுக்கு நேரா.

இவன் பானைய நெஞ்சோட அணைச்சுக்கிட்டு கொஞ்ச நேரம் இருந்தான். ஒதடு மட்டும் ஆடுச்சு. அங்கிள் தொப்பிய கழட்டி மடியில வச்சுக்கிட்டாரு. அப்புறம் இவன் கண்ண மூடிக்கிட்டு பானைய தோளுக்கு மேல தூக்கிப் பின்னால விட்டான்.

டொப்.

உள்ள போச்சு. ரெண்டு குமிழி விட்டுச்சு. நானும் கையெடுத்துக் கும்புட்டேன். கும்புட்ட கைய எறக்கறதுக்குள்ள ‘பொளக்’குன்னு மேல வந்து நிக்குது. பிளாஸ்டிக் பந்து. உள்ள செவப்புத் துணி தெரியுது. பாக்க பாயாசம் தாப்பாவ் கட்டுன மாதிரி இருக்கு.

“மச்சான்”னேன். “மெதக்குதுடா.”

அவன் கண்ண தொறந்து என்ன பாத்தான் பாருங்க. அடிச்சிருந்தாக்கூட வலிச்சிருக்காது. “இன்னிக்காவது விளையாடாம இருடா”ன்னான். கொரலு ரொம்ப மெதுவா வந்துச்சு.

“அம்மா மேல சத்தியமாடா.”

“எந்த அம்மா மேல?”

அங்கிள் திரும்பிப் பாத்துட்டு, “ஆமா தம்பி. மெதக்குது. பிளாஸ்டிக்”னாரு. அவரு சொன்னதும் நம்பிட்டான். நம்பிட்டு தன் ரெண்டு கையையும் பாத்தான். வெரல மடக்கி மடக்கிப் பாத்தான், யாரோட கையின்னு தெரியாத மாதிரி. ஐயா அவுக்கச் சொன்னத மறந்தே போயிட்டான். கட்டறதுதான் அந்தக் கை பண்ற வேல. அவுக்கறது எப்பவும் கஸ்டமரு, அவனவன் வீட்டுல போயி. இத்தன வருசத்துல அவன் கட்டுன ஒரு பைய அவனே அவுத்திருக்க மாட்டான்.

“மூழ்கணும்டா”ன்னான். “நடுவுல நிக்கக் கூடாது. எதாவது பண்ணு. நான் திரும்ப முடியாது.”

அங்கிள் இஞ்சின போட்டு மெல்ல பின்னுக்கு எடுத்தாரு. படகுல ஒரு நீளக் கம்பு இருந்துச்சு, நுனியில கொக்கி. அத நான் எடுத்துக்கிட்டு இவன தாண்டி பின் பக்கம் வந்து முட்டிபோட்டேன். எனக்கும் நீச்சல் தெரியாது, அத அங்கிள்கிட்ட சொல்லல. பைய ஒரு குத்து குத்துனா போதும், காத்து போயிடும், மூழ்கிடும். கம்ப நீட்டுனேன். கொஞ்சந்தான் பாக்கி.

அப்ப பானைக்கு அந்தப் பக்கம் தண்ணி உப்புச்சு. வழுவழுன்னு ஒரு முதுகு வந்துச்சு. பழைய ரப்பர் செருப்பு வெயில்ல கெடந்து வெளுத்துப் போனா எப்படி இருக்கும், அந்த மாதிரி பிங்க்கு. அங்கங்க சாம்பல் புள்ளி. “ப்ஃபூ”ன்னு ஒரு மூச்சு.

“என்னடா அது?”ன்னு கத்துனான் இவன். புகைக்கூண்ட பாத்துக்கிட்டேதான் கத்துனான்.

“லும்பா-லும்பா”ன்னாரு அங்கிள். மலாய்ல டால்பினுக்கு அதுதான் பேரு. “பயப்புடாத. சின்ன வயசு. எது பாத்தாலும் கிட்ட வரும்.”

“டால்பின்டா மச்சான்”னேன்.

“டேய்!”

“ஐயோ அங்கிளே சொல்றாருடா!”

அது பானைகிட்ட வந்துச்சு. தலைய சாச்சு ஒரு கண்ணால பாத்துச்சு. மூக்கால லேசா தட்டுச்சு. பானை உருண்டுச்சு. அதுக்குப் புடிச்சுப் போச்சு. மறுபடியும் தட்டுச்சு. சுத்தி வந்து அடியிலேர்ந்து முட்டித் தூக்குச்சு. பானை பாதி வெளிய வந்து ‘பொளக்’குன்னு விழுந்துச்சு. எத்தன பேரு காசு குடுத்து இத பாக்கப் போறானுங்க! எனக்கு முன்னாடி சும்மா நடக்குது, நான் கம்ப புடிச்சுக்கிட்டு முட்டிபோட்டுக் கெடக்கறேன்.

“என்ன பண்ணுது? சொல்லுடா.”

வாழ்க்கையில மொத தடவ ஒருத்தன் என்ன நம்பித்தான் ஆகணும்னு ஒக்காந்திருக்கான். எனக்கு ஒரு வார்த்தகூட ஒழுங்கா வரல. வெளையாடுதுன்னு எப்படிச் சொல்றது?

“தொட்டுப் பாக்குதுடா”ன்னேன்.

“எத?”

“ஆன்டிய.”

அப்புறம், “கடிக்குதா?”ன்னான்.

“இல்லடா. மூக்காலதான். மெல்லத்தான்.”

கம்ப மறுபடி நீட்டுனேன். அது என்னமோ நானும் ஆட்டத்துல சேந்துட்டேன்னு நெனச்சுக்கிச்சு போல. கம்பு நுனி பைய தொடப்போற நேரத்துல நடுவுல வந்து மூக்க நீட்டுது. எப்படிக் குத்தறது? குத்துனா அது மேல பட்டுடும். இந்தப் பக்கம் எடுத்துட்டுப் போனா இந்தப் பக்கம் வருது. அந்தப் பக்கம் போனா அந்தப் பக்கம். “ஷூ, போ, போ”ங்கறேன், பூனைய வெரட்டுற மாதிரி. வாயத் தொறந்து கீச்சு கீச்சுங்குது. எனக்குப் பதில் சொல்லுதோ, கிண்டல் பண்ணுதோ. என் வாழ்நாள்ல யாரும் என்ன இப்படி வெளையாட்டுக்கு இழுத்து நான் தோத்ததில்ல.

“வலையப் போடுங்க அங்கிள்”னேன்.

“வல போட்டா அது மாட்டிக்கும். செத்துப் போயிடும்”னாரு. “வேணாம் தம்பி. நல்ல நாள் இல்ல இது, இன்னொரு சாவு வேணாம்.”

இவன் அத கேட்டுட்டு, “வேணாம் அங்கிள், வேணாம், வேணாம்”னான் அவசரமா.

அப்புறம் அது படகுக்கு ரொம்பக் கிட்ட வந்துச்சு. இவனோட முதுகுக்குப் பின்னால, கைய நீட்டுனா தொடலாம், அங்க தலைய தூக்கி நின்னுச்சு. என்ன பாக்கல. இவன் முதுகத்தான் பாத்துச்சு. ப்ஃபூன்னு மூச்ச விட்டுச்சு. பெலாச்சான், அந்த இறால் விழுது, வறுத்தா வருமே நெடி, அந்த நெடி. தண்ணி சாரல் இவன் கழுத்துல பட்டுச்சு. முடியெல்லாம் சிலுத்துக்கிச்சு. கழுத்து நரம்பு பொடைக்குது. திரும்பணும்னு ஒடம்பு துடிக்குது, ஆளு திரும்பல. பலகைய ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு அந்தச் செவப்பு வெள்ளக் கூண்டையே மொறச்சுக்கிட்டு இருக்கான். கண்ணுலேர்ந்து தண்ணி தாடையில எறங்குது, தொடைக்கக்கூட கைய எடுக்கல.

நான் மட்டும் மூனையும் பாத்தேன். அவன, அத, பானைய. ஒன்னையும் தொட முடியல.

இதோட விட்டிருந்தா பரவால்ல. அது பானைய முட்டிக்கிட்டே படகு ஓரமா முன்னுக்கு வர ஆரம்பிச்சுச்சு. இவன் இடுப்புக்கு நேரா வந்துச்சு. அப்படியே போச்சுன்னா படகு மூக்குப் பக்கம் வந்துடும், இவன் கண்ணுக்கு முன்னால.

“மச்சான், கண்ண மூடு!”

“ஏன்?”

“மூடுடா! ஆன்டி முன்னாடி வராங்க!”

டக்குன்னு மூடிக்கிட்டான். மேல ரெண்டு கையையும் வச்சு அழுத்திக்கிட்டான். “முன்னாடி வந்தா பாக்கலாமா கூடாதாடா? ஐயா பின்னாடின்னுதான சொன்னாரு?”

“எனக்கு எப்படிடா தெரியும்? நான் என்ன ஐயருக்குப் படிச்சேனா?”

“போன் போட்டுக் கேளு.”

போன எடுத்தேன். சிக்னல் கோடு இல்ல. ஒரு கோடு வந்துச்சு, அடிச்சேன், அடுத்த குடும்பத்துக்குப் பூசையில இருந்திருப்பாரு, எடுக்கல. அங்கிள் என்ன பாக்கறாரு. நான் அங்கிள பாக்கறேன். “எங்க ஆளுங்க வேற மாதிரி செய்வோம் தம்பி, எனக்குத் தெரியாது”ன்னாரு. பாவம், அவருதான் தப்பு பண்ண மாதிரி மன்னிப்புக் கேக்கற கொரல்ல சொன்னாரு.

பானை படகு மூக்குக்கு முன்னால வந்து நின்னுச்சு. நான் கம்ப கீழ போட்டுட்டு முன்னால ஓடி, படகு வெளிம்புல வயித்த வச்சுப் படுத்து கைய நீட்டுனேன். ரெண்டு வெரலு பிளாஸ்டிக் மேல பட்டுச்சு. வழுக்குச்சு. ரப்பர புடிக்கலாம்னு எக்குனேன். ரப்பரு என் வெரல்ல மாட்டுச்சு. சாமி சத்தியமா மாட்டுச்சு. இழுத்தேன், நீண்டுச்சு. அறுந்து தொலையக் கூடாதா? அவன் கட்டுனதாச்சே, அறுமா? அந்த நேரம் பாத்து அது தண்ணிக்கு மேல மூஞ்சிய தூக்கி, என் மூஞ்சிக்கு நேரா நின்னுச்சு. சின்னக் கண்ணு. கருப்பா, ஈரமா. கெட்ட எண்ணம் ஒன்னும் இல்ல அதுல. ‘இது என்னா? இத வச்சு நீங்க என்னா பண்றீங்க?’ன்னு கேக்கற கண்ணு. நான் மூச்சு விடல. வெரலு தளந்துடுச்சு. ரப்பரு ‘டப்பு’ன்னு பையிலேயே போயி ஒட்டிக்கிச்சு.

அது பானைய அடியில கொண்டுபோச்சு. தண்ணி மூடிக்கிச்சு.

“போச்சுடா”ன்னேன். “உள்ள போச்சு.”

“மூழ்கிடுச்சா?” கைய எடுக்காமயே கேட்டான். அந்தக் கொரல்ல அவ்வளவு ஆச. நான் ஆமான்னு சொல்ல வாயத் தொறந்துட்டேன். தூரத்துல பொளக்.

“இல்லடா”ன்னேன். “வந்துடுச்சு.”

அங்கிள் தண்ணியப் பாத்தாரு, வெயிலப் பாத்தாரு. “தம்பி, தண்ணி எறங்குது. இன்னும் இருந்தா ஆத்து வாயில சேறு தட்டிடும். படகு உள்ள போகாது. போகணும்.”

“கொஞ்ச நேரம் அங்கிள்.”

“முடியாது தம்பி. சோரி. கடல் சொல்றதத்தான் கேக்கணும்.”

இஞ்சின் போட்டாச்சு. நான் பழைய எடத்துல வந்து ஒக்காந்தேன், கரைக்கு முதுக காட்டி. இவன் கைய எறக்கிட்டு மறுபடி புகைக்கூண்ட பாத்தான். சாவு வீட்டுல கெளம்பும்போது ‘போயிட்டு வரேன்’னு சொல்லக் கூடாதுன்னு நமக்கெல்லாம் தெரியும். சொல்லாமத்தான் எந்திரிச்சு வரணும். அதுவும் இவங்க அம்மா, இவன் வேலைக்குப் போறப்ப ‘போறேன்’னு சொன்னா விட மாட்டாங்க, கதவுல நிப்பாட்டி ‘வரேன்’னு சொல்ல வச்சுத்தான் அனுப்புவாங்க. வாய்ப் பழக்கம். படகு நவுந்ததும் இவன் வாயிலேர்ந்து தானா வந்துடுச்சு.

“வரேம்மா.”

சொல்லிட்டு வாயப் பொத்திக்கிட்டான். கழுத்த காப்பாத்துனான், வாய கோட்ட விட்டுட்டான். என்ன பாத்தான், பயந்துபோயி. எனக்கு எதாவது கிண்டலா சொல்லி அவன சிரிக்க வைக்கணும்னு இருந்துச்சு. அதுதான நான் எப்பவும் பண்றது. கைய நீட்டி அவன் முட்டிமேல வச்சேன், அவ்வளவுதான்.

“பாத்துக்கிட்டே இரு”ன்னான். “நீ கண்ண எடுத்துடாத.”

எடுக்கல. பை வெயில்ல மின்னுச்சு. பக்கத்துல அந்தப் பிங்க் முதுகு வந்து வந்து போச்சு. போகப் போக சின்னதாச்சு. “இருக்கா?” “இருக்கு.” “அது?” “அதுவும் இருக்கு. பக்கத்துலதான்.” அப்புறம் பெரிய கப்பலு ஒன்னு எழுப்புன அல வரிசையா வந்து எங்க படக தூக்கிப் போட்டுச்சு. நான் பலகைய புடிச்சேன். நிமுந்து பாத்தா தண்ணி மட்டுந்தான். மின்னுறது எல்லாம் பை மாதிரியே இருந்துச்சு. எது பை, எது வெயிலுன்னு தெரியல.

“இருக்கா?”

“தெரியலடா.”

“தெரியலன்னா?”

“தெரியலன்னா தெரியல மச்சான்.”

ஜெட்டியில எறங்குனோம். இப்ப திரும்பிப் பாக்கலாம். அவன் பாக்கல. ஐயா கை கழுவிக்கிட்டே, “நல்லபடியா முடிஞ்சுதா?”ன்னு கேட்டாரு. இவன் என்ன பாத்தான். நான் அங்கிள பாத்தேன். அங்கிள் கயித்த கட்டுறதுல ரொம்ப மும்முரமா இருந்தாரு.

“முடிஞ்சுதுங்க ஐயா”ன்னு இவனே சொல்லிட்டான்.

காடியில வரும்போது நான்தான் ஓட்டுனேன். கிள்ளான் தாண்டுச்சு. அப்புறம், “அது எப்படி பாத்துச்சுடா?”ன்னான்.

“எது?”

“அந்த டால்பின். அம்மாவ எப்படி பாத்துச்சு?”

யோசிச்சேன். “பக்கத்து வீட்டுக்குப் புதுசா யாராச்சும் குடி வந்தா ஆன்டி எப்படிப் பாப்பாங்க? கதவ தொறந்து வச்சுக்கிட்டு? அப்படித்தான்.”

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டான். தோள் ஆடுச்சு. சிரிக்கறானா அழுவறானா, நான் ரோட்ட பாக்கணும், தெரியல.

இப்பவும் நான் கடைக்கு ஐஸ் எறக்கப் போறேன். அவன் இப்ப காத்து வைக்காம கட்டுறான். பைய அமுக்கி, காத்த வெளியேத்தி, துணி முடிச்சு மாதிரி ஒரு முடிச்சு போடுறான். கறி வழியில நசுங்கி ஒழுகுதுன்னு ஆளுங்க சண்ட புடிக்கிறாங்க. மொதலாளி கத்துறாரு. காதுலயே வாங்க மாட்டேங்கறான். நான் போயி ஒரு பைய கையில எடுத்தா ரெண்டு பேரும் அத பாக்கறோம். மழ பேஞ்சா போன் பண்றான். “அந்த எடத்துல இப்ப அல எப்படி இருக்கும்?”னு கேக்கறான், என்னமோ நான் கடல்ல வேல பாக்கற மாதிரி. ஐயாகிட்டப் போயி கேளுடான்னேன். போக மாட்டேங்கறான். நடுவுல நிக்குதுன்னு அவரு சொல்லிட்டா என்ன பண்றதுன்னு பயம்.

நான் வேற என்னதான் பண்ண முடியும்? பாத்தது நான். பாத்தத எழுதியாவது குடுப்போம்னு இத எழுதுனேன். நேத்து இது வரைக்கும் அவனுக்கு அனுப்புனேன். “மச்சான், எப்படி முடிக்கறதுன்னு தெரியல. மூழ்கிடுச்சுன்னு போடவா? நான் சொன்னா எவனும் நம்பப் போறதில்ல, உனக்காகப் போடறேன்”னு கேட்டேன்.

ரெண்டு நீல டிக்கு வந்துச்சு, படிச்சுட்டான். ரொம்ப நேரம் எழுதறான், நிறுத்தறான், எழுதறான். நான் லோரியில ஒக்காந்துக்கிட்டு அதையே பாத்துக்கிட்டு இருந்தேன். பின்னால ஐஸ் கரைஞ்சு ஒழுகிக்கிட்டு இருந்துச்சு.

கடைசியில ஒரே வரிதான் வந்துச்சு: “மெதக்குதுன்னே போடுடா, அம்மாவுக்குத் தண்ணிக்குள்ள போகப் பயம்.”